மாட்டின் வலியும் பாறுகளின் மறைவும்

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டதும், பதினொரு நாட்களுக்குள் அவ்வாணை திருத்தப்பட்டதும் நினைவிருக்கும். கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாகப் பிற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்பது திருத்தம். அந்தப் பதினொரு நாட்களில் இந்தச் சமூக ஊடகத்தில் நிகழ்ந்த சண்டையை நான் ஏறக்குறைய முழுவதும் வாசித்தேன். ஒருபுறம் கடிபட்ட குழந்தைகளின் படங்கள், மறுபுறம் கம்பி வலைக்குள் நடுங்கும் நாய்களின் படங்கள். இரு தரப்பினரும் நேற்றுத்தான் இச்சிக்கல் பிறந்தது போலப் பேசினர். இதன் பின்னால் முப்பதாண்டு வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் மையத்தில் இருப்பது நாயன்று, ஒரு பறவை. அதனைக் குறித்து ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதே இந்த நீண்ட பதிவுக்குக் காரணம். பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

பறவையின் பெயர் பாறு. சங்கப் பாடல்களின் போர்க்களங்களில் எருவையோடு சேர்ந்து வட்டமிடும் பழஞ்சொல் அது. பிற்காலத்தில் நாம் அதனைப் ‘பிணந்தின்னி’ என்று அழைக்கத் தொடங்கி, அப்பெயரையே மனிதரை ஏசவும் பயன்படுத்தினோம். அண்மைக் காலத்தில் பறவை ஆர்வலர்கள் பழம்பெயரை மீட்டெடுத்திருப்பது நல்ல செயல். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு எனத் தமிழகத்தில் காணக்கிடைப்பவை நான்கு. இவற்றுள் முதலிரண்டும், வடகிழக்கிலும் இமயமலை அடிவாரத்திலும் வாழும் மெல்லிய அலகுப் பாறும்தான் இக்கதையின் முதன்மை மாந்தர். மாந்தர் என்ற சொல்லைத் தெரிந்தே இடுகிறேன்.

1985ஆம் ஆண்டில் வெண்முதுகுப் பாறு, உலகின் பெரிய இரைகொல்லிப் பறவைகளுள் எண்ணிக்கையில் மிகுந்ததாக இருக்கக்கூடும் என்று அறிவியல் இலக்கியத்தில் எழுதப்பட்டது. 1971இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, தில்லி மாநகருக்குள் மட்டும் ஏறத்தாழ 400 இணைகள் கூடு கட்டியிருந்தன. காட்டில் அன்று, தலைநகரின் சாலையோர மரங்களில். அக்காலத்து அரசுக்குப் பாறு ஒரு தொல்லையாகவே தென்பட்டது. விமானங்களில் மோதும் பறவைகளைப் பற்றி 1980களில் சலீம் அலியும் ராபர்ட் கிரப்பும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வழியே ஆய்வு செய்தபோது, முதன்மைக் குற்றவாளிகளின் வரிசையில் பாறும் நின்றது. விமான நிலையங்களின் அருகே இறந்த கால்நடைகளைக் கொட்டுவதைத் தடுத்து, அதன்வழியே பாறுகளை எப்படி விலக்குவது என்பதுதான் அன்றைய கவலை. இருபதாண்டுகள் கழித்து அதே கழகம் அப்பறவையைக் கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்ய வேண்டியிருந்தது.

அத்தனை பாறுகள் ஏன் இந்தியாவில் வாழ்ந்தன? நம் மாட்டுப் பொருளாதாரம் அவற்றை வாழவைத்தது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 19.3 கோடி மாடுகளும் ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் உள்ளன. உலகின் பிற பகுதிகளில் முதிர்ந்த மாட்டின் முடிவு இறைச்சிக்கூடத்தில். இந்தியாவின் பெரும்பகுதியில் சமய உணர்வும், பின்னர் அரசமைப்பின் 48ஆம் உறுப்பின் நிழலில் எழுந்த மாநிலச் சட்டங்களும் அவ்வழியை அடைத்தன. ஆகவே மாடு முதுமையிலோ நோயிலோ இறந்து, ஊர்ப்புறத்துத் திடலில் கிடக்கும். நூறு பாறுகள் கூடினால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அவற்றின் இரைப்பை அமிலத்தின் வீரியம் அழுகலின் கிருமிகளை அழிக்கவல்லது.

ஆயினும் பாறு தனித்து அப்பணியைச் செய்யவில்லை. பள்ளிச் சுற்றுச்சூழல் பாடங்கள் ‘இயற்கையின் துப்புரவாளர்’ என்று எழுதி நிறுத்திக்கொள்கின்றன. அதற்கு முன்னரும் பின்னரும் மனிதர்கள் இருந்தனர். முன்னர் வருபவர் தோல் உரிப்பவர்: வடக்கே சமார், மகாராட்டிரத்தில் மகர், நம் கொங்குப் பகுதியில் அருந்ததியர் எனச் சாதியால் அப்பணி சுமத்தப்பட்டவர். பின்னர் வருபவர் எலும்பு பொறுக்குபவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்திய எலும்பு உரத்துக்காகக் கப்பலேறியது. பின்னாளில் உள்நாட்டு ஆலைகள் அதனை எலும்புத்தூளாகவும் ஜெலட்டினாகவும் மாற்றின. தோல் ஒருவருக்கு, ஊன் பாறுக்கு, எலும்பு இன்னொருவருக்கு. மாட்டின் உரிமையாளர் உயிரோடிருந்த மாட்டை மட்டுமே அறிந்திருந்தார். அது இறந்த கணத்தில் அவர் பார்வையிலிருந்தும் கணக்கிலிருந்தும் நீங்கியது.

இந்தச் சங்கிலியை ஓர் இனிய கூட்டுவாழ்வாகச் சித்திரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1927இல் மகாடில் அம்பேத்கர் தம் மக்களிடம் இறந்த மாட்டின் இறைச்சியை விடுமாறும், இழிவெனச் சுமத்தப்பட்ட வேலைகளைத் துறக்குமாறும் வேண்டியதை மறந்துவிட்டு எழுதப்படும் எந்தச் சூழலியல் ஏக்கமும் அரைகுறையானது. சாதியால் கட்டப்பட்ட மனிதரையும் பறவையையும் ஒரே தட்டில் வைப்பதும் என் நோக்கமன்று. இருவரும் செய்த பணியை எந்த அரசும் எண்ணவில்லை என்ற ஒரு செய்தியில் மட்டுமே அவர்கள் இங்கு அருகருகே நிற்கின்றனர்.

இனி மருந்துக்கு வருவோம்.

1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் மாட்டுக்கும் மனிதருக்குமான உறவை ஆழமாக மாற்றியது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள் வந்தன. கூட்டுறவுச் சங்கங்களோடு கால்நடை மருந்தகங்களும் பரவின. கடன் வாங்கி வாங்கிய பசு ஒருநாள் கறக்காவிட்டால் வீட்டுக் கணக்கு நொறுங்கும். மாட்டின் வலி, பட்டினியின் அறிகுறியாக வாசிக்கப்படலாயிற்று. அத்தகைய சூழலில், 1994ஐ ஒட்டிய ஆண்டுகளில், மனிதரின் மூட்டுவலிக்கு வழங்கப்பட்டுவந்த டைக்ளோஃபெனாக் மலிவான கால்நடை ஊசியாகச் சந்தைக்கு வந்தது. மடிவீக்கம், காய்ச்சல், நொண்டல் என எதற்கும் அது போடப்பட்டது. விரைவில் பயன் தெரிந்தது.

என் சிறுவயதில், 1990களின் இறுதியில், எங்கள் தாத்தாவின் வண்டிமாடு ஒன்று பின்னங்காலை ஊன்ற மாட்டாமல் இரண்டு நாள் படுத்தே கிடந்தது. தாத்தாவும் உண்ணவில்லை. பக்கத்து ஊரிலிருந்து கால்நடை உதவியாளர் மிதிவண்டியில் வந்து ஊசி போட்டார். எந்த மருந்து என்று இன்று சொல்ல இயலாது. மாலையில் மாடு எழுந்து தொட்டித் தண்ணீரைக் குடித்தது. அதன் நெற்றியில் கைவைத்துக்கொண்டு தாத்தா நின்ற நிலையை நான் மறக்கவில்லை. ஐந்தாம் நாள் அது இறந்தது. ஊர்க்கோடியிலிருந்து ஒருவர் வந்து தோலை உரித்து எடுத்துக்கொண்டு, தோட்டத்து மூலையில் குழியும் வெட்டிப் புதைத்துவிட்டுச் சென்றார். எந்தப் பாறும் அதனை உண்ணவில்லை. எங்கள் பகுதியில் அப்போதே பாறுகள் இல்லை. இதனை இங்கே எழுதக் காரணம் வேறு. இந்நூற்றாண்டின் மிகப் பெரிய பறவைச் சாவுகளுள் ஒன்றுக்கு வெறுப்போ வேட்டையோ காரணமன்று. என் தாத்தாவினுடையதைப் போன்ற இலட்சக்கணக்கான கைகளின் பரிவு அதற்குள் இருக்கிறது.

பாறுகள் குறைவதை முதலில் பதிவு செய்த இடம் இராசத்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா. 1980களில் அங்கே முந்நூற்று ஐம்பதுக்கு மேற்பட்ட வெண்முதுகுப் பாறுக் கூடுகளை எண்ணியிருந்த விபு பிரகாஷ், 1990களின் பிற்பாதியில் மீண்டும் எண்ணியபோது பாதிக்கும் குறைவாகவே கண்டார். ஓரிரு ஆண்டுகளில் அதுவும் கரைந்தது. கழுத்தைத் தொங்கவிட்டபடி கிளையில் அமர்ந்திருக்கும் பறவைகள், பின்னர் மரத்தடியில் சடலங்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு அழிந்தன. மற்ற இரு இனங்களும் ஏறத்தாழ 97 விழுக்காடு மறைந்தன. ஆயிரத்தில் ஒன்று எஞ்சியது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பல ஆண்டுகள் வைரஸ் ஒன்றைத்தான் தேடினார்கள். தொற்றுநோய் என்றால் குற்றவாளி இயற்கை; எவருக்கும் சங்கடமில்லை. பூச்சிக்கொல்லி ஐயமும் எழுந்து அடங்கியது. விடை பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகள் மீது சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலப் படிவு. சிறுநீரகம் செயலிழந்திருந்தது. நஞ்சுகளும் கிருமிகளும் அகப்படாத நிலையில், அவர்கள் பாறுகளின் உணவைப் பற்றி யோசித்து, கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் சென்று கேட்டனர்: மாடுகளுக்கு எந்தெந்த மருந்துகள் கொடுக்கிறீர்கள்? அவற்றுள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியதும் புதிதாகப் பரவியதும் டைக்ளோஃபெனாக். சிறுநீரகம் கெட்டு இறந்த பறவைகள் அனைத்திலும் அதன் எச்சம் இருந்தது. அவ்வாறு இறவாதவற்றில் இல்லை. 2004இல் அம்முடிவு ‘நேச்சர்’ இதழில் வெளியானது. உலகின் சிறந்த ஆய்வுக்கூடங்களைச் சுற்றியலைந்த வினாவுக்குச் சிறுநகர மருந்துக் கடையின் பலகைக்குப் பின்னால் விடை இருந்தது என்பது, வரலாறு படிப்பவனாகிய எனக்குச் சற்றே மகிழ்ச்சி தரும் செய்தி.

இத்தனை பேரழிவுக்கு எல்லா மாடுகளிலும் மருந்து இருந்திருக்க வேண்டியதில்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இவ்வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கிடப்பட்டது. பாறு கூட்டமாக உண்பது. ஒரு சடலம் பல பறவைகளைக் கொல்லும். ஆண்டுக்கு ஒரே முட்டை. முதிர்ச்சிக்கு ஏறக்குறைய ஐந்தாண்டு. இழப்பை ஈடுசெய்யும் வேகம் அதனிடம் இல்லை. தடைக்கு முன் இந்தியாவில் சோதிக்கப்பட்ட மாட்டுச் சடலங்களுள் பத்தில் ஒன்றில் இம்மருந்தின் எச்சம் காணப்பட்டது.

ஊன் மட்டும் திடலில் கிடந்தது. நாய்கள் வந்தன. எலிகளும் வந்தன. பாறு உண்டால் தீரும் உணவு, நாய்க்குப் பல நாள் விருந்து. அது குட்டிகளாகப் பெருகும். 2008இல் வெளிவந்த ஒரு பொருளியல் ஆய்வு, 1992 முதல் 2006 வரையில் பாறுகளின் மறைவால் கூடுதலாகப் பெருகிய நாய்கள் குறைந்தது 55 இலட்சம் என்றும், அவற்றின் கடிகள் 3.85 கோடி என்றும், அதனால் விளைந்த வெறிநாய்க்கடிச் சாவுகள் 47,300க்கு மேல் என்றும் மதிப்பிட்டது. இம்மதிப்பீட்டை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. நம் கணக்கெடுப்பில் நாய்களை எண்ணும் முறை நம்பத்தகுந்ததன்று. நகரங்களில் பெருகிய குப்பையும் இறைச்சிக்கடைக் கழிவும் நாய்களை வளர்த்ததில் பெரும்பங்கு வகித்தன. தெருநாய்ச் சிக்கலைப் பாறு ஒன்றின் தலையில் இறக்கிவைப்பது எளிமையாக்கம்.

2024இல் எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் அமெரிக்கப் பொருளியல் இதழில் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் சென்றது. அவர்கள் நாயை எண்ணவில்லை, மனிதச் சாவுகளை எண்ணினர். பாறுகள் முன்னர் நிறைந்திருந்த மாவட்டங்களையும், வாழிடம் பொருந்தாமையால் என்றுமே மிகுதியாக இல்லாத மாவட்டங்களையும் மருந்து பரவுவதற்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டனர். முதல்வகை மாவட்டங்களில் மொத்த இறப்பு வீதம் 4 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருந்தது. 2000 முதல் 2005 வரையில் ஆண்டுக்கு ஓர் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட கூடுதல் சாவுகள் என்பது அவர்கள் முடிவு. நாய்க்கடி மட்டுமன்று, அழுகிய சடலங்கள் கலந்த நீரும் சேர்ந்த விளைவு அது. அந்த ஐந்து இலட்சம் பேரில் ஒருவருடைய இறப்புச் சான்றிதழிலும் ‘பாறு இன்மை’ என்று எழுதப்பட்டிருக்காது. மரணத்தின் காரணங்களைப் பதியும் நம் படிவத்தில் அதற்கான கட்டமே இல்லை.

மும்பை மலபார் குன்றின் அமைதிக் கோபுரங்களில் பாரசீகச் சமூகத்தார் தம் இறந்தோரைப் பறவைகளிடம் ஒப்படைக்கும் பழைய வழக்கமும் இக்காலத்தில் தடுமாறியது. சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளைப் பொருத்தினர். தகனம் கூடுமா என்ற விவாதம் இன்றும் அச்சமூகத்துக்குள் ஓயவில்லை. நம் திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உச்சிவேளையில் வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு சென்ற இணைப் பறவைகள் மஞ்சள்முகப் பாறுகளே. அவையும் 1990களின் இறுதியோடு வருவதை நிறுத்தின. அதற்கு இம்மருந்தே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். காலம் மட்டும் ஒத்துப்போகிறது.

அரசு 2006இல் கால்நடை டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. மாற்றாக, பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்ஸிகாம் முன்வைக்கப்பட்டது. ஆய்வு வெளிவந்து இரண்டே ஆண்டுகளில் இத்தடை வந்தது பாராட்டுக்குரியது என்றே நினைக்கிறேன். ஆனால் மனிதருக்கான மருந்து தொடர்ந்தது. 30 மில்லி லிட்டர் குப்பி மனிதருக்குத் தேவையற்ற அளவு. மாட்டுக்கோ மிகப் பொருத்தம். அக்குப்பியை 3 மில்லி லிட்டராகக் குறைக்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்து நிறுவனங்கள் அதனை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. 2017இல் நீதிமன்றம் அரசின் முடிவை உறுதிசெய்தது. இதற்கிடையில் வேறு வலிநீக்கிகள் புகுந்தன. அவற்றுள் ஒன்றான அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். அதற்கும் கீட்டோபுரோஃபெனுக்கும் 2023இல்தான் தடை வந்தது. அரியானாவின் பிஞ்சோரில் 2001 முதல் இயங்கும் மையத்தில் பாறுகள் பொரிக்கப்பட்டு வளர்கின்றன. தென்னகத்தில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளுக்கு நடுவே மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருத மரங்களில் இன்றும் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. சரிவு நின்றிருக்கிறது; மீட்சி என்று சொல்வதற்கில்லை.

பிஞ்சோர் மையத்தின் தொடக்க ஆண்டுகளில், அதே அரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தில், 2002 அக்டோபரில், துலினா காவல் சாவடியருகே ஐந்து தலித்துகள் பசுவைக் கொன்றதாக ஐயுறப்பட்டுக் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டனர். தோல் தொழிலோடு தொடர்புடையோர் அவர்கள். 2016 சூலையில் குசராத்தின் ஊனா அருகே இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் சங்கிலியில் கட்டி அடிக்கப்பட்டனர். அதன்பின் அம்மாநிலத்துத் தலித்துகள் பலர் இறந்த மாடுகளைத் தொட மறுத்தனர். சுரேந்திரநகரில் சடலங்களைக் கொண்டுபோய் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் போட்டனர். அழுகல் நாற்றம் அலுவலகத்துக்குள் புகுந்தபோதுதான், இப்பணி என்று ஒன்று உண்டென்பதும் அதனைச் சிலர் செய்துவந்தனர் என்பதும் ஆட்சிக்குத் தெரிந்தது. பாறுகளால் அப்படி ஒரு வேலைநிறுத்தம் செய்ய இயலவில்லை. அவை சொல்லாமல் போயின.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் பிகானேர் அருகிலுள்ள ஜோர்பீர் சென்றிருந்தேன். நகரத்தின் இறந்த மாடுகளும் ஒட்டகங்களும் கொட்டப்படும் திடல் அது. இன்று பாதுகாக்கப்பட்ட பகுதி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் பாறுகளையும் கழுகுகளையும் காணப் பறவை ஆர்வலர்கள் புகைப்படக் கருவிகளோடு வருகின்றனர். பறவைகள் நிறையவே இருந்தன, நாய்கள் அவற்றினும் மிகுதியாக. திடலின் விளிம்பில் தோல் உரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு என் குறைபட்ட இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். இளமையில் பாறுகள்தாம் தமக்குப் போட்டி என்றார். மாடு விழுந்த செய்தி கேட்டு ஓடிவர வேண்டும். தாமதித்தால் தோலைக் கிழித்துவிடும். தோலை எடுத்து இவர் விலகியதும் அவை இறங்கும். வெயில் சாய்வதற்குள் வெறும் எலும்பு. இப்போது அவசரமே இல்லை, ஆனால் நாய்களிடையே தடியில்லாமல் வேலை செய்ய முடிவதில்லை என்று சொல்லி, கெண்டைக்காலின் தழும்பைக் காட்டினார். எலும்பு பொறுக்குவோருக்கும் பழையபடி கிடைப்பதில்லையாம். ஊன் ஒட்டிய எலும்பை எடைக்கு எடுப்பவர் குறைத்தே கொடுக்கிறார்.

நான் எழுதிக்கொண்டிருப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “பாபுஜி, உங்கள் ஊரில் மாடு செத்தால் யார் வருவார்?”

தாத்தாவின் மாட்டைப் புதைத்தவரின் முகம் எனக்கு நினைவிருந்தது. குழிக்கு அருகே கழற்றி வைத்திருந்த துண்டின் நிறம்கூட நினைவிருந்தது. ஒருவர் வருவார் என்று சொன்னேன். பெயர் என்ன என்று அவர் கேட்டார். அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து அம்மாவிடமும் சித்தப்பாவிடமும் கேட்டேன். மாட்டின் பெயரை இருவரும் உடனே சொன்னார்கள்.